பூச்சியத்தில் முடிந்த அட்டைகள்: 7 பைட் முழு எண்ணானபோது காணாமல் போன கொழுந்து

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்க மின் தராசும் அட்டையும் வந்தன. கூடை தராசில் ஏறும். கொழுந்து எடுத்தவர் தன் அட்டையைப் போனில் தொட்டதும் நிறை அவர் கணக்கில் ஏறும். அங்கிருந்து சம்பள மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். முதல் அரைமாதக் கணக்கை அடித்துப் பார்த்தபோது, பலருடைய கொழுந்து யார் பெயரிலும் சேராமல் 'உரியவர் இல்லை' என்ற பட்டியலில் கிடந்தது. தராசைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. அட்டைகளும் நன்றாகவே வாசித்தன. பிழை இருந்தது, அட்டையின் 7 பைட் அடையாளத்தை ஒரு பெரிய முழு எண்ணாக மாற்றும் மூன்று நான்கு வரி நிரலில்.

அதைக் கண்டுபிடித்த விதத்தையும் திருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரும் மென்பொருள் செய்துகொடுத்தவர்களின் பெயரும் இதற்குத் தேவையில்லை. இதே வரிகளை வேறு எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கும். அது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த அளவை எட்டினால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, எட்டாவிட்டால் அரைப்பேர் என்று போட்டுவிடுவார்கள். மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. காலை, மதியம், சாயங்காலம் என்று நிறுக்கிற கொழுந்தில் ஒரு நிறுவை தவறினாலும் முழுப் பேர் அரைப்பேராகிவிடும். ஆகவே கணினியில் ஒரு வரி பொருந்தாமல் போவது இங்கே ஒருவருடைய அரை நாள் கூலி. அந்தக் கணக்கோடுதான் இந்த வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

நல்லவேளையாக, கணக்கப்பிள்ளை பழைய கொழுந்துப் புத்தகத்தை நிறுத்தவில்லை. புது முறை வந்த பிறகும் ஒவ்வொரு நிறுவையையும் கையால் எழுதிக்கொண்டே வந்தார். மேலிடத்தில் இருந்து அது வேண்டாத வேலை என்று சொல்லியும் அவர் விடவில்லை. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்றே தெரிந்திருக்காது.

அட்டையில் இருந்து செக்ரோல் வரை

அட்டைக்குள் இருப்பது என்எஃப்சி சில்லு, கிட்டக் கொண்டுபோனாலே வாசிக்கக்கூடியது. ஒவ்வொரு சில்லுக்கும் தயாரிக்கும்போதே எழுதிப் பூட்டிவிட்ட அடையாளம் ஒன்று உண்டு. இந்த வகையில் அது 7 பைட் நீளம். முதல் பைட் தயாரிப்பாளரைக் குறிக்கும். என்எக்ஸ்பி நிறுவனத்தின் சில்லு என்றால் அது 4. தோட்டத்தில் கொடுத்த அட்டைகளில் அநேகமாக எல்லாமே அந்த நிறுவனத்துச் சில்லுதான், ஆகவே அவை 4 என்றே தொடங்கின. பிறகு இந்தச் சின்ன விஷயம் பெரிய உதவியாக வந்தது.

கணக்குக்காக ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய அட்டையும் அல்ல, நான் அமைத்துக்கொண்ட எண்கள். வாசிப்பான் தரும் வரிசையில் அதன் பைட்டுகள்: 4, 90, 28, 146, 62, 109, 128.

அட்டையைப் பதிவு செய்வது ஆபிஸில். அங்கே யூஎஸ்பி வாசிப்பான் ஒன்று இருக்கிறது. கணினிக்கு அது விசைப்பலகை போலவே தெரியும். அட்டையை மேலே வைத்தால் ஒரு நீண்ட எண்ணைத் தானே தட்டிவிடும். அந்த எண் ஊழியரின் பெயருக்கு நேரே சம்பள மென்பொருளில் பதிவாகும். சம்பள மென்பொருள் பைதனில் எழுதியது, தரவுத்தளத்தில் அந்தப் புலம் 64 பிட் முழு எண்.

நிறுவை நடப்பது மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். அங்கே ஓர் ஆண்ட்ராய்ட் போன். மடுவத்தில் சிக்னல் பிடிக்காது, மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் போன் பதிவுகளைத் தன்னிடமே வைத்திருந்து, சாயங்காலம் ஆபிஸுக்கு வந்ததும் அனுப்பும். அட்டையின் 7 பைட்டையும் நிறையையும் அப்படியே அனுப்புகிறது. வாங்குவது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சேவையகம். அது 7 பைட்டை எண்ணாக மாற்றி, தரவைப் பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசனில் சம்பள மென்பொருளுக்குக் கொடுக்கும். அங்கே பதிவேட்டில் உள்ள எண்ணோடு சரியாகப் பொருந்தினால் செக்ரோலில், அதாவது வேலையும் கூலியும் குறிக்கும் பட்டியலில், ஏறும். பொருந்தாவிட்டால் 'உரியவர் இல்லை'.

ஆக, ஒரே அட்டை இரண்டு வழியாக எண்ணாகிறது. ஆபிஸ் வாசிப்பான் ஒரு வழி, சேவையகம் இன்னொரு வழி. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால்தான் கொழுந்து சொந்தக்காரரிடம் போய்ச் சேரும்.

மடுவத்தில் பேசியது

"தராசுல இருபத்திரெண்டுன்னு காட்டுச்சி தம்பி. நானே பாத்தேன். ஆபிஸ்ல போய்க் கேட்டா எம் பேருக்கு நேரா ஒன்னுமே இல்லங்கிறாங்க. அப்ப நான் எடுத்த கொழுந்து எங்க போச்சி?" என்று ஓர் அக்கா கேட்டார். அவருக்கு அடுத்து நின்றவருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே மலையில், ஒரே கங்காணியின் கீழ், ஒரே தராசில் நிறுத்தவர்கள். ஒருவருக்கு எல்லா நாளும் சரி, மற்றவருக்கு எல்லா நாளும் பிழை. அதைக் கேட்டதும் சிக்னல், மழை, மின்வெட்டு எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். அவையெல்லாம் ஒரு நாள் கெடுக்கும், ஒரு நாள் விடும். அட்டைக்கு அட்டை பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பது கணக்குப் பிழைதான்.

'உரியவர் இல்லை' பட்டியலை அச்சடித்து மடுவத்துப் பலகையில் விரித்தோம். கணக்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்களின் வலது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, இதப் பாருங்க. எல்லாம் பூச்சியத்துல முடியுது" என்றார்.

உண்மைதான். பக்கம் பக்கமாக எல்லா எண்களும் 0இல் முடிந்தன. அட்டை அடையாளங்கள் அப்படி இருக்கவே முடியாது. நிரலைத் திறக்கும் முன்பே விஷயம் பாதி முடிந்துவிட்டது. முப்பது வருஷமாக நிறுவைக் கணக்கு பார்த்தவருடைய கண்ணுக்கு, எண்கள் இயல்பாக இருக்கின்றனவா இல்லையா என்று உடனே தெரிந்துவிடுகிறது.

அடுத்து போனையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போன் செயலி அட்டையைத் தொட்டதும் அதன் எண்ணைத் திரையில் காட்டும். நம்முடைய மாதிரி அட்டைக்கு அது 36148912525695492. சேவையகம் அனுப்பியது 36148912525695490. பதினாறு இலக்கம் அப்படியே இருக்கிறது, கடைசி 2 மட்டும் 0 ஆகியிருக்கிறது. இன்னோர் அட்டையில் 6 போய் 0, வேறொன்றில் 8 போய் 0.

எண்ணாக மாற்றுவது எப்படி

பைட் என்பது 0 முதல் 255 வரை. ஆகவே பைட் வரிசை ஒன்றை 256ஐ அடியாகக் கொண்ட எண்ணின் இலக்கங்களாகப் பார்க்கலாம். நாம் 10ஐ அடியாக வைத்து எழுதும் அதே முறைதான். எந்த முனையை உயர்ந்த இடமாக எடுப்பது என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

முதல் பைட்டை உயர்ந்த இடமாக எடுத்தால் நம் அட்டை 4 பெருக்கல் 256இன் 6ஆம் அடுக்கு, கூட்டல் 90 பெருக்கல் 256இன் 5ஆம் அடுக்கு என்று போய் 1224978665991552 ஆகும். கடைசி பைட்டை உயர்ந்த இடமாக எடுத்தால் 128இல் தொடங்கி 4இல் முடிந்து 36148912525695492 ஆகும். இரண்டுமே சரியான எண்கள். ஆபிஸ் வாசிப்பான் இரண்டாவது முறையில் தட்டியது, அதனால் சேவையகத்தையும் அதே முறையில் எழுதியிருந்தார்கள். அந்த ஒற்றுமையில் பிழை இல்லை.

பைதனில் இது ஒரே வரி. இன்ட்.ஃப்ரம்_பைட்ஸ் என்ற செயற்கூறு 3.2 பதிப்பில், 2011இல் வந்தது. பைட்டுகளைக் கொடுத்து, வரிசை 'பிக்' (முதல் பைட் உயர்ந்த இடம்) அல்லது 'லிட்டில்' (கடைசி பைட் உயர்ந்த இடம்) என்று சொன்னால் போதும். பைதனின் முழு எண்ணுக்கு மேல் எல்லை கிடையாது, நினைவகம் இருக்கும் வரை வளரும். 7 பைட் என்ன, 700 பைட் கொடுத்தாலும் ஒரு பிட் தவறாது. 3.11 பதிப்பில் இருந்து வரிசையைச் சொல்லாவிட்டால் 'பிக்' என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. இந்த வசதியை நான் பயன்படுத்துவதில்லை, மற்றவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். வரிசை நிரலில் எழுத்தாகத் தெரிய வேண்டும்.

பைதனிலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பைட்டை எண்ணாக்குவது வேகமான வேலை, அந்த எண்ணைத் தசம எழுத்தாக்குவது எண் நீள நீள மிக மெதுவாகும். அதை வைத்துச் சேவையகங்களை முடக்கலாம் என்பதால் 2022இல் ஓர் எல்லை வைத்தார்கள். 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எழுத்தாக்கக் கேட்டால் பைதன் பிழை எறியும். அதாவது சுமார் 1785 பைட்டுக்கு மேற்பட்ட தரவை எண்ணாக்கலாம், கணக்கும் போடலாம், ஆனால் தசமத்தில் அச்சடிக்க முடியாது. பதினாறடிமான எழுத்தாக்கத்துக்கு, அதாவது 16ஐ அடியாகக் கொண்டு எழுதுவதற்கு, இந்த எல்லை இல்லை. அட்டைக் கதைக்கு இது வேண்டாம்தான், கோப்பு முழுவதையும் எண்ணாக்கிப் பார்ப்பவர்களுக்கு வேண்டும்.

சேவையகத்தில் நடந்தது

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி 64 பிட் மிதவைப் புள்ளி எண். அந்த 64 பிட்டில் எண்ணின் துல்லியத்துக்குக் கிடைப்பது 53 பிட். ஒரு முழு எண் கூட விடாமல் சேமிக்கக்கூடிய எல்லை 9007199254740991. அதற்கு மேல் எண்கள் இருக்கும், ஆனால் இடைவெளி விட்டு இருக்கும். முதலில் 2 விட்டு 2, பிறகு 4 விட்டு 4, பிறகு 8 விட்டு 8.

7 பைட் என்பது 56 பிட். எல்லையைத் தாண்ட 3 பிட் போதும்.

நம் அட்டை எண் 36028797018963968க்கு மேல், அதாவது 2இன் 55ஆம் அடுக்குக்கு மேல் வருகிறது. அந்தப் பகுதியில் 8ஆல் வகுபடும் எண்களை மட்டுமே சேமிக்க முடியும். 8 கிலோ படிக்கல் மட்டும் வைத்துக்கொண்டு நிறுப்பது மாதிரி. நம் எண் 492இல் முடிகிறது. பக்கத்தில் இருப்பவை 488இலும் 496இலும் முடியும் எண்கள், இரண்டுக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. நடுவில் நின்றால் இரட்டைப் பக்கம் சாய வேண்டும் என்பது தரத்தின் விதி. 488இல் முடியும் எண்ணை 8ஆல் வகுத்தால் 4518614065711936, இரட்டை எண். ஆகவே 488 பக்கம் சாய்ந்தது.

சரி, அப்படியானால் 488 என்றுதானே அனுப்பியிருக்க வேண்டும், 490 எங்கிருந்து வந்தது? அது அச்சடிக்கும் இடத்தில் நடந்த இரண்டாவது நகர்வு. ஜாவாஸ்கிரிப்ட் ஓர் எண்ணை எழுத்தாக்கும்போது, திரும்ப வாசித்தால் அதே எண் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த இலக்கங்களை மட்டும் எழுதி, மீதியைப் பூச்சியத்தால் நிரப்பும். 490இல் முடியும் எண்ணை வாசித்தாலும் பக்கத்துப் படியான 488தான் கிடைக்கும். 490 என்றால் கடைசி 0 வெறும் நிரப்பல், எழுத வேண்டியதில் ஓர் இலக்கம் குறைகிறது என்பதால் அதை எழுதிவிட்டது. உள்ளே 488, வெளியே 490, அட்டையில் 492. சேவையகத்தில் அதே மாறியை பிக்இன்ட் என்ற எல்லை இல்லாத முழு எண் வகைக்கு மாற்றி அச்சடித்தபோது 488 கண்ணெதிரே வந்தது.

முதல் பைட் எப்போதும் 4 என்பதால் இந்த இரண்டு நகர்வும் சேர்ந்து ஒரே விளைவையே தருகின்றன. பின்னிருந்து வாசிக்கும்போது அந்த 4 கடைசி இடத்துக்கு வருகிறது. எண் எப்போதும் இரண்டு எட்டுகளுக்கு நடுவில் நிற்கும், எப்போதும் கீழ்ப்பக்கம் சாயும், அச்சில் எப்போதும் கடைசி இலக்கம் 0 ஆகும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் கடைசி இலக்கம் 2, 4, 6, 8 எதுவானாலும் இதே முடிவு. உண்மையிலேயே 0இல் முடியும் எண் மட்டும் தற்செயலாகச் சரியாகிவிடும்.

பக்கத்தில் நின்றவருக்கு ஏன் குறையில்லை என்பதும் இதில் தெரிகிறது. அட்டையின் கடைசி பைட் 128க்குக் கீழ் இருந்தால் இடைவெளி 4 அல்லது அதற்கும் குறைவு. எண்ணின் கடைசி இடத்துக்கு வரும் 4 அந்தப் படியில் சரியாக உட்கார்ந்துவிடும், ஒன்றும் தொலையாது. பரீட்சித்துப் பார்த்தபோது கொண்டுவந்த மாதிரி அட்டைகள் எல்லாம் 128க்குக் கீழே. தோட்டத்துக்கு வந்த பெட்டியில் இருந்த அட்டைகளில் அதிகமானவை 128 அல்லது அதற்கு மேல்.

வேலி ஒன்று அங்கே ஏற்கனவே இருந்தது. ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்தில் ஓட்டும் நோட் சூழலில் பைட்டுகளை எண்ணாக்க ரீட்யூஇன்ட்எல்ஈ, ரீட்யூஇன்ட்பீஈ என்ற செயற்கூறுகள் உண்டு. அவை 6 பைட்டுக்கு மேல் ஏற்காது, 7 கொடுத்தால் பிழை எறிந்து நின்றுவிடும். 48 பிட் வரை பத்திரம் என்பதற்காகவே அந்த எல்லை. எழுதியவர்கள் அந்தப் பிழையைப் பார்த்துவிட்டு, 256ஆல் பெருக்கிக் கூட்டும் ஒரு சுற்றைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அது பிழை எறியவில்லை, தவறான எண்ணைக் கொடுத்தது. மொழி 'முடியாது' என்று சொல்லும் இடத்தில் ஏன் என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பெருக்குவதற்குப் பதில் இடப்பெயர்ச்சிக் குறியால் 8 பிட் தள்ளியிருந்தால் இன்னும் மோசம், ஜாவாஸ்கிரிப்டில் அது 32 பிட்டோடு நின்றுவிடும்.

இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. முன்னிருந்து பின்னாக வாசிக்கும் முறையை எடுத்திருந்தால், முதல் பைட் 4 என்பதால் எந்த அட்டையும் 1407374883553280ஐத் தாண்டாது. எல்லைக்குள் இருக்கும், எல்லாம் சரியாக ஓடும். ஆனால் பிழை நிரலில் அப்படியே ஒளிந்திருக்கும். வேறு தயாரிப்பாளரின் அட்டை வரும் நாளில் எழும்பும்.

போனிலும் ஒரு பள்ளம்

போன் செயலி சரியான எண்ணைக் காட்டியது என்றேன். அது ஆரம்பத்தில் இருந்தே அப்படி இல்லை. முதல் வடிவத்தில் இதே போன்ற அட்டைக்குக் கழித்தல் குறியோடு எண் வந்தது. நம் மாதிரிக்கு அது கழித்தல் 35908681512232444. காரணம் வேறு. ஜாவாவில் பைட் என்பது கழித்தல் 128 முதல் 127 வரை. அதன் பெரிய முழு எண் வகுப்பான பிக்இன்டெஜருக்கு வெறும் பைட் வரிசையைக் கொடுத்தால், உயர்ந்த பைட்டின் முதல் பிட் 1 என்றால் அது எதிர்மறை எண் என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் 1 என்று குறியைத் தனியாகக் கொடுத்தால் நேர்மறையாக வாசிக்கும். அதைத் திருத்திவிட்டார்கள். கழித்தல் குறி கண்ணில் குத்தும், ஆகவே உடனே பிடிபட்டது. கடைசி இலக்கம் 0 ஆனது யார் கண்ணிலும் படவில்லை.

திரும்பி வரும் வழியிலும் அதே வகுப்பில் ஒரு பொறி உண்டு. எண்ணை மறுபடி பைட்டாக்கினால், முதல் பிட் 1 ஆக இருக்கும்போது குறிக்காக முன்னால் ஒரு பூச்சிய பைட்டைச் சேர்த்து 8 பைட்டாகத் தரும். மறுபக்கம், உயர்ந்த இடத்தில் உண்மையிலேயே பூச்சிய பைட் இருந்தால் அது எண்ணில் தெரியாது, 7 பைட் 6 ஆகிவிடும். எண்ணுக்கு நீளம் நினைவில் இருக்காது. பைதனின் டு_பைட்ஸ் நீளத்தைக் கேட்பது அதனால்தான்.

மாதக் கடைசியில் எக்செல்

சேவையகத்தைத் திருத்திய பிறகும் சில வரிகள் பொருந்தவில்லை. இந்த முறை கடைசி இரண்டு இலக்கம் 0. ஆபிஸில் பட்டியலை எக்செலில் திறந்து, பார்த்து, சேமித்து, மறுபடி ஏற்றியிருந்தார்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்குப் பின்னால் வருவதைப் பூச்சியமாக்கிவிடும். 36148912525695492 அங்கே 36148912525695400 ஆகிவிட்டது. ஆபிஸில் வேலை செய்கிற தங்கைக்கு இதில் எந்தத் தவறும் இல்லை, கோப்பைத் திறந்து சேமித்தார், அவ்வளவுதான். பட்டியலில் அந்தப் பத்தியை எழுத்து வகையாக அமைத்துக் கொடுக்காதது மென்பொருளின் குறை.

என்ன மாற்றினோம்

அட்டை அடையாளத்தை யாரும் கூட்டப் போவதில்லை, கழிக்கப் போவதில்லை. அது ஒருவருடைய பெயர் மாதிரிப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். எண்ணாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆகவே போனில் இருந்து செக்ரோல் வரைக்கும் அடையாளம் பதினாறடிமானத்தில் 14 எழுத்தாகவே போகட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து, முன்னால் பூச்சியம் வந்தால் அதையும் விடாமல். தரவுத்தளப் புலமும் 14 எழுத்து.

எண் வரும் ஒரே இடம் ஆபிஸ் வாசிப்பான். அதன் அமைப்பை மாற்றுவதை விட, அது தட்டும் எண்ணைப் பைதனில் வாங்கி, 7 பைட், 'லிட்டில்' வரிசை என்று எழுத்தாகச் சொல்லி, பைட்டாக்கி, பிறகு 14 எழுத்தாக்குவது பத்திரமாக இருந்தது. வாசிப்பான் பழுதாகி வேறு வந்தாலும் மாற்ற வேண்டியது அந்த ஒரு வரிதான்.

சேவையகத்தில் எண்ணாகப் பார்க்கத்தான் வேண்டும் என்ற ஒரு திரை இருந்தது. அதற்கு பிக்இன்ட். 2020ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த வகை அது, எல்லை இல்லாத முழு எண். ஆனால் சாதாரண எண்ணாக்கிவிட்டு அதை பிக்இன்டாக மாற்றினால் பயனில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். முதல் பைட்டில் இருந்தே பிக்இன்டாகப் பெருக்க வேண்டும், அல்லது பதினாறடிமான எழுத்தில் இருந்து நேரே உருவாக்க வேண்டும். ஜேசனில் அனுப்பும்போது மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்ப வேண்டும். பிக்இன்டை நேரே ஜேசனாக்கச் சொன்னால் பிழை எறியும், அதுவும் நல்லதுக்குத்தான். ட்விட்டர் 2010இல் பதிவு அடையாளங்கள் 53 பிட்டைத் தாண்டப்போகிறது என்று கண்டு, எண்ணோடு சேர்த்து எழுத்து வடிவையும் அனுப்பத் தொடங்கியது இதே காரணத்துக்காக. அவ்வளவு பெரிய இடத்தில் தெரிந்து பல வருஷம் ஆன ஒரு விஷயம், மடுவத்துத் தராசில் வந்து ஒருவருடைய கூலியில் கைவைக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தந்தது.

சோதனைக்குப் போலி அட்டைகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தோம். கடைசி பைட் 0, 31, 32, 127, 128, 255. இவை எல்லாம் எல்லைக்கோட்டில் நிற்பவை. பைட்டை எண்ணாக்கி, எழுத்தாக்கி, அனுப்பி, வாங்கி, மறுபடி பைட்டாக்கினால் அதே 7 பைட் வர வேண்டும். பழைய நிரலில் 128ம் 255ம் உடனே விழுந்தன. 0 வேறு விதமாக விழுந்தது, திரும்பி வந்தது 6 பைட்.

பழைய கொழுந்தை மீட்டது

முன்னால் போகும் வழி சரியாகிவிட்டது. அந்த அரைமாதத்தில் பதிவான வரிகளை என்ன செய்வது? போனில் இருந்த மூலப் பதிவுகள் அனுப்பியதும் அழிந்துவிடும் வகையில் செயலி இருந்தது. கையில் இருந்தவை கெட்ட எண்கள் மட்டும்.

அந்த 4 உதவிக்கு வந்தது இங்கேதான். சரியான எண் எதுவானாலும் அதை 256ஆல் வகுத்தால் மீதி 4 வர வேண்டும், ஏனென்றால் கடைசி இடத்தில் இருப்பது 4 என்ற பைட். சேவையகத்துப் பிழையால் எண் குறைந்தது அதிகபட்சம் 8. எக்செல் பிழையால் குறைந்தது அதிகபட்சம் 99. இரண்டும் 256ஐ விடச் சிறியவை. ஆகவே கெட்ட எண்ணில் இருந்து மேலே போகும்போது மீதி 4 வரும் முதல் எண்தான் சரியான எண், வேறு ஒன்று இடையில் இருக்க முடியாது. 36148912525695490ஐ 256ஆல் வகுத்தால் மீதி 2, இன்னும் 2 கூட்டினால் 492. எக்செலில் கெட்ட 36148912525695400ஐ வகுத்தால் மீதி 168. அங்கிருந்து 92 கூட்டினால் மீதி சுற்றிக்கொண்டு 4க்கு வரும், எண் மறுபடி 492. இந்தக் கணக்கைப் பைதனில்தான் போட்டோம். எக்செலிலோ சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் எண்ணிலோ போட்டால் மறுபடி அதே குழியில் விழுவோம்.

இதே காரணத்தால் இரண்டு பேருடைய அட்டைகள் ஒரே எண்ணாகக் கலந்துவிடவும் இல்லை. 4இல் தொடங்கும் இரண்டு அட்டைகளுக்கு இடையில் குறைந்தது 256 வித்தியாசம் இருக்கும். ஒருவர் கொழுந்து இன்னொருவர் பெயரில் ஏறியிருக்குமோ என்ற பயம் தொழிலாளர் வசிக்கும் லயத்தில் பரவியிருந்தது. அப்படி நடக்கவில்லை என்று கணக்கைக் காட்டிச் சொல்ல முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் அந்தச் சந்தேகம் விழுந்தால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

மீட்ட எண்களைப் பதிவேட்டோடு பொருத்திய பிறகு, ஆளுக்கு ஆள் நிறையைக் கூட்டி கணக்கப்பிள்ளையின் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். அவர் வாசிக்க வாசிக்க நான் திரையில் பார்த்துக்கொண்டே போனேன். பிறகு தோட்டத்தை நடத்தும் துரையிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம், நிலுவை அடுத்த சம்பளத்தில் சேர்ந்தது.

அட்டை தொலைந்து மாற்று அட்டை வாங்கியவர்கள் சிலரிடம் வேறு தயாரிப்பாளரின் சில்லு இருந்தது. அவற்றின் முதல் பைட் 4 அல்ல, ஆகவே மீதிக் கணக்கு அங்கே செல்லாது. அந்த வரிகளை எண்ணில் இருந்து ஊகிக்க நாங்கள் முயலவில்லை. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்தபடியே ஒவ்வொருவர் பெயரிலும் எழுதி, அவரவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி ஏற்றினோம். அந்த அட்டைகளை ஆபிஸில் மறுபடி பதிவு செய்துவிட்டார்கள். போன் செயலி இப்போது மூலப் பதிவுகளைச் சம்பளம் கொடுத்து முடியும் வரை அழிப்பதில்லை.